விழாத ஊரின் திட்டிவாசல்

கத்திரி வெயிலில் கதவு சில்லென்று இருந்தது.

ரோஸ்மேரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற மதிய வேளையில், திருவொற்றியூர் மார்க்கெட்டிலிருந்து மீன் பையும் கையுமாக வேர்த்து விறுவிறுத்து வந்தவள், வீட்டு வாசலில் நின்ற அந்தப் பெரிய கதவின் மேல் களைப்புக்குக் கையை ஊன்றினாள். ஊன்றிய வேகத்தில் எடுத்தும்விட்டாள். காசிமேட்டில் பிறந்தவளுக்கு ஐஸ் பெட்டிக்குள் கை விட்டால் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தின் மேல் பொடிப்பொடியாக ஈரம் கோத்திருந்தது. பக்கத்துத் தூணைத் தொட்டுப் பார்த்தாள், தோசைக்கல்லாகக் கொதித்தது. பழைய மரம், ஊறிப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கதவுக்குள் இருந்த சின்னக் கதவைத் தள்ளிக் குனிந்து உள்ளே போனாள்.

அந்தச் சின்னக் கதவுக்குத் திட்டிவாசல் என்று பெயர். கோட்டைக் கதவுகளில் இருக்கும். பெரிய கதவைச் சாத்திய பிறகு, ஆள் ஒருவர் மட்டும் தலை குனிந்து போய்வர ஏற்பட்ட வழி. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகுதான் அவளுக்கு இதெல்லாம் தெரியும். மாமனார் தேவப்பிரியம் பழைய கதவு, ஜன்னல், தூண் வாங்கி விற்கிறவர். நாசரேத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கல்லில் நார் உரித்து மேலே வந்த மனிதர். முன்னால் சரக்குக் கிடக்கிற முற்றம், பின்னால் வீடு. மருமகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீன்காரன் மகளை மகன் கட்டிக்கொண்டு வந்தது அவர் தொண்டையில் சிக்கிய முள், விழுங்கவும் மாட்டார், துப்பவும் மாட்டார்.

அவள் அப்பாவோ துப்பியே விட்டார். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொன்னவர் சொன்னதுதான். ஆக ரோஸ்மேரிக்கு இருந்தது இந்த ஒரு வாசல். வாசலுக்குள் அவள் புருஷன் ஜெனிஷ் இருந்தான், அவனை அவளுக்கு அறிமுகப்படுத்திய காலேஜ் சிநேகிதி, அவன் தங்கை சுஜா இருந்தாள். அந்த இரண்டு பேர் போதும் என்று நம்பித்தான் வந்தாள். அந்த நம்பிக்கைக்கு ஏதாவது ஆகிவிட்டால் போக்கிடம் இல்லை என்பது அவளுக்கு எப்போதும் தெரியும்.

கதவு வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கதவுக்குக் கதை இருந்தால்தான் விலை. கதை இல்லாத கதவு வெறும் விறகு. சரித்திரம் படித்த ரோஸ்மேரிதான் அந்த வீட்டில் கதை கட்டுகிறவள். இடித்த சத்திரத்துக் கதவுக்கு ஒரு ஜமீன்தாரையும், ரைஸ்மில் கதவுக்கு ஒரு போர்த்துக்கீசியக் கப்பலையும் அவள் கொடுத்திருக்கிறாள். ரிசார்ட்காரர்கள் படித்துவிட்டு உச்சுக் கொட்டுவார்கள். பொய்தான், ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத பொய்.

இந்தக் கதவுக்கு மட்டும் நிஜமாகவே கதை இருந்தது. அதைக் கொண்டுவந்த மண்ணடி புரோக்கர் மொஹ்சின் பாய், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். வடக்கே, எல்லைக்கு முந்தின கடைசி ஊர் பர்ணாகோட். இரண்டு மலைக்கு நடுவே, சுற்றிலும் மதில், உள்ளே ஒரே தெரு, ஊருக்கே ஒரே வாசல். அந்தப் பக்கத்து ராஜாவும் வந்து பார்த்தான், இந்தப் பக்கத்து ராஜாவும் வந்து பார்த்தான், ஊர் விழவே இல்லை. இப்போதுதான் சனங்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போய் ஊர் காலி.

"எப்படி பாய் விழாம இருந்துச்சு? அவ்ளோ சின்ன ஊரு?" என்று ரோஸ்மேரி கேட்டாள்.

மொஹ்சின் பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "ஆள் கொடுத்துதான்மா. பனி மூடினா மேலேர்ந்து வருவாங்களாம். வந்தா, உள்ளேர்ந்து ஒரு பொம்பளைய இந்தச் சின்ன வாசல் வழியா அனுப்பிட்டுத் தாழ் போட்ருவாங்க. காலைல வாசல்ல யாரும் இருக்க மாட்டாங்க. அவ ஊர்ல பொறந்த பொண்ணா இருக்க மாட்டா. வெளியேர்ந்து கட்டிக்கினு வந்த மருமகளா இருப்பா. அவளுக்காகக் கதவத் தொறக்கச் சொல்ல உள்ள யாரும் இல்ல பாருங்க."

"வர்றது யாரு? படையா?"

"அந்த ஊர்க்காரர் ஒருத்தர் படைங்கிறார். படைக்கு எதுக்குய்யா ஒரே ஒரு ஆளுன்னு கேட்டேன். பேச்ச மாத்திட்டார்."

அன்று ராத்திரி ரோஸ்மேரிக்குச் சோறு இறங்கவில்லை. தள்ளப்பட்ட அந்தப் பெண்கள் எவ்வளவு நேரம் தட்டியிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். தேவப்பிரியத்துக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "இத எழுதுனா எவன் வாங்குவான்? நல்லதா மாத்தி எழுதச் சொல்லு" என்று மகனிடம் சொன்னார். அவள் மாற்றினாள். ஊரைக் காப்பாற்றத் தானாக மனமுவந்து வெளியே நடந்த ஒரு மருமகளின் தியாகம் என்று, படிக்கிறவர் கண் கலங்கும்படி எழுதிக் கொடுத்தாள். மாமனார் முதல்முறையாக "நல்லா இருக்கு" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் அவளுக்கு உறுத்தல் மறந்துபோனது, அதுதான் வெட்கக்கேடு.

கதவு வீட்டு வாசலுக்கு வந்தது தனிக்கூத்து. மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டியவர்கள் பழைய கேட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். "சும்மா கெடக்க கதவு இருக்கும்போது தகர கேட்டுக்கு எதுக்குத் தெண்டம் அழணும்? வாங்குதவன் வார வரைக்கும் இங்கன நிக்கட்டும்" என்று தேவப்பிரியம் முடிவு செய்தார். வியாசர்பாடியிலிருந்து வருகிற ஆசாரி வரதன் கீலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"யக்கா, மொதலாளி கைல நீயாவது சொல்லு. விக்கிற கதவ வாழுற வாசல்ல மாட்டக்கூடாது. எங்க ஆளுங்கோ ஒருத்தனும் செய்ய மாட்டான். அது முன்ன எந்த எடத்துக்குக் காவல் நின்னுச்சோ, இதையும் அந்த எடம்னே நெனச்சிக்கும்."

"நீ மாட்டுண்ணா, சும்மா பேஜாரு பண்ணாத" என்று ரோஸ்மேரிதான் சிரித்தாள்.

கதவு சில்லிட்டது அதற்குப் பிறகுதான். முதலில் தொட்டால் மட்டும் தெரிந்தது. பிறகு முற்றத்தில் நடந்தாலே முழங்காலுக்குக் கீழே குளிர்ந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கடலின் உப்பும் எப்போதும் கலந்து வீசுகிற அந்தத் தெருவில், கதவுப் பக்கம் நின்றால் மட்டும் வேறொரு வாடை வந்தது. ஆட்டு மயிர் நனைந்த வாடை, அணைந்த விறகின் வாடை, அதற்கும் அடியில் ஒன்றுமே இல்லாத, மூக்கின் உள்ளே ஊசியாகக் குத்துகிற ஒரு சுத்தம். விளக்கு வைத்த பிறகு வெளிப்பக்கம் யாரோ நடந்தார்கள். தெருவில் சேறும் ஜல்லியும்தான் கிடந்தது, ஆனால் அந்தக் காலடி நொறுநொறுவென்று, கல் உப்பை மிதித்துக்கொண்டு நடப்பதுபோலக் கேட்டது. மதில் ஓரமாக வந்தது. கதவுக்கு முன்னால் நின்றது. திரும்பிப் போனது. ஜெனிஷுக்கும் கேட்டது. அவன் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

கதவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ரோஸ்மேரி சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. அதிசயமாகத் தேவப்பிரியமே கிளம்பினார். அப்பாவும் மகனும் மண்ணடிக்குப் போய் மொஹ்சின் பாயைப் பார்த்துவிட்டு, இருவருமே வெயிலில் வெளுத்த துணியாகத் திரும்பி வந்தார்கள்.

"இன்னா சொன்னாரு?"

"திரும்ப எடுக்க மாட்டாராம்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல ரோஸ்" என்றான் ஜெனிஷ். அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். சுஜா சமையல்கட்டு வாசலில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அந்த வீடு மாறிப்போனது. நல்லவிதமாக மாறிப்போனது. தேவப்பிரியம் அவளை "யம்மா ரோஸ்மேரி" என்று கூப்பிட்டார். வஞ்சிர மீனின் நடுத்துண்டை அவள் தட்டில் வைக்கச் சொன்னார். கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவளை முதல் பந்தியில் உட்கார வைத்தார். சுஜா அவளுக்குத் தலை வாரிவிட்டாள், வாரிக்கொண்டே ஒரு தடவை காரணமில்லாமல் அழுதாள். கேட்டதற்குத் தலைவலி என்றாள். ஜெனிஷ் புதுப் புடவை வாங்கி வந்தான். இத்தனை வருஷம் எதற்காக ஏங்கினாளோ அதெல்லாம் வரிசையாக வந்து மடியில் விழுந்தது. ரோஸ்மேரி சந்தோஷப்பட்டாள். ஆமாம், கதவின் குளிரையும் வெளிக்காலடியையும் காதில் வாங்கிக்கொண்டே சந்தோஷப்பட்டாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், மாமனார் நகர மாட்டாரா என்று நினைத்தாள். அவள் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோவதைக்கூட, தனக்குச் சொல்லாமல் ஏதோ நல்லது ஏற்பாடு செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சாயங்காலம் முதலில் நின்றது லாரிச் சத்தம்.

துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் ராப்பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். அங்கே பிறந்த பிள்ளைக்குத் தாலாட்டே அதுதான். அது நின்றதும் வீட்டுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தார்கள். அடுத்து கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே எண்ணூர்ப் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று, தெருவின் அகலத்துக்கும் நிரம்பி, தரையோடு தரையாக உருண்டு வந்துகொண்டிருந்தது. "கேஸு லீக்கு! ஓடுங்கடா!" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். முகத்தில் ஈரத்துணியோடு குழந்தைகளை இடுக்கிக்கொண்டு சனங்கள் ஓடுகிற சத்தமும் ஆட்டோக்கள் சீறுகிற சத்தமும் கொஞ்ச நேரம் கேட்டன. பிறகு அதுவும் இல்லை.

"நாமளும் போலாம்ங்க" என்றாள் ரோஸ்மேரி.

யாரும் அசையவில்லை. கேஸ் வாடை அடிக்கவில்லை. நனைந்த ஆட்டு மயிர் வாடைதான் அடித்தது. மே மாதத்தில், திருவொற்றியூரில், அவள் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

தேவப்பிரியம் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து ஜெபம் பண்ண முழங்கால் போட்டார். எல்லோரும் போட்டார்கள். தினமும் கேட்கிற ஜெபம்தான். "இந்த வீட்டில் உள்ளவர்களை" என்று ஆரம்பிப்பார். அன்று குரல் கம்மிப்போய், "ஆண்டவரே, இந்த வீட்டிலே பொறந்தவங்கள உம்முடைய செட்டைகளின் கீழே மறைச்சுக்கொள்ளும்" என்றார். "ஆமென்" என்றாள் சுஜா. ஜெனிஷும் "ஆமென்" என்றான். ரோஸ்மேரியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பொறந்தவங்கள.

கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. நடுத்துண்டு மீன் எதற்கென்று அப்போது புரிந்தது. புடவை எதற்கென்று புரிந்தது.

வெளியே நொறுநொறு. ஒரு காலடி இல்லை. பல.

"ரோஸ்" என்றான் ஜெனிஷ். மிகவும் மெதுவாக, கல்யாணமான புதிதில் கூப்பிடுகிற குரலில். "வண்டில செல்போன வெச்சிட்டு வந்துட்டேன். எடுத்துட்டு வாயேன்."

தெரு தோண்டிக் கிடந்ததால் வண்டி எதிர்ச்சாரியில் நின்றது. நாலு எட்டுதான்.

"நீயும் வா."

"நான் வாசல்லயே நிக்கறேன். கதவத் தொறந்தே வெச்சிருக்கேன். பயப்படாத."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லேன்டா, போகாதே என்று ஒரு வார்த்தை. அவள் அப்பாவின் வாசலை இவனுக்காகத் தாண்டி வந்திருந்தாள். இவனை நம்பாமல் இருந்தால், அன்றைக்குத் தாண்டி வந்ததெல்லாம் என்ன? நம்பிக் கெடுவது மேல் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, பைத்தியக்காரிக்கு. எழுந்து முற்றத்தைக் கடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். திட்டிவாசலைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் குனிந்தாள். அவன் கை அவள் முதுகில் பட்டது. தள்ளவில்லை. தடவிக் கொடுத்தது.

வடிகால் பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி வண்டியிடம் போனாள். சீட்டைத் தடவினாள். டேங்க் கவரைத் தடவினாள்.

போன் இல்லை.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"ஜெனிஷ்."

ஓடிவந்தாள். தட்டினாள். கதவின் குளிர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "ஜெனிஷ், தொற. இன்னா வெளாட்டு இது? தொறடா." மரத்துக்கு அந்தப்பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் நின்றிருந்தான். "சுஜா! நீயாவது தொற சுஜா!"

அழுகை கேட்டது. அழுகைக்கு நடுவே சுஜாவின் குரல்.

"அவளாத்தானேப்பா போனா. நாம ஒண்ணும் தள்ளலியே."

"ஆமா மக்ளே. அவளாத்தான் போனா" என்றார் தேவப்பிரியம்.

ரோஸ்மேரி தட்டுவதை நிறுத்தினாள். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சும்மா சொல்லவில்லை. கழுத்தில் நிஜமாகவே வலித்தது.

மேலிருந்து சாம்பல் விழ ஆரம்பித்தது. எண்ணூர்ச் சாம்பல்தான், புதிதில்லை. கையை நீட்டினாள். உள்ளங்கையில் விழுந்தது. உருகியது.

அவள் திரும்பினாள். தெரு இல்லை. எதிர்ச்சாரி வீடுகள் இல்லை, வண்டி இல்லை. வெள்ளை. அதற்குள் ஓரிடத்தில் வெள்ளை கொஞ்சம் கறுத்தது. இன்னோரிடத்திலும். ஆள் உயரத்தில்.

நொறுக். நொறுக்.

மண்டியிட்டாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வடிகாலுக்குத் தோண்டியதில் மண் சரிந்து உண்டானது. நுழைய முடியாது. கை போகும். அவன் காலைப் பிடித்துவிட்டால் போதும். அவள் கை பட்டால் ஜெனிஷ் திறந்துவிடுவான். தன் கன்னத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

முற்றத்தில் மெழுகுவத்தி வெளிச்சம்.

கால்கள்.

மூன்று பேரின் கால்கள் இல்லை. முற்றம் நிறையக் கால்கள். கம்பளி சுற்றிய கால்கள், தோல் வரிந்து கட்டிய கால்கள், பனி உருகி வழிகிற கால்கள். கிழவர்களின் வெடித்த குதிகால்கள். குழந்தைகளின் சின்னப் பாதங்கள். வரிசைக்குப் பின்னால் வரிசையாக, விழாத அந்த ஊரே, கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. பெருமூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. நடுவில் தேவப்பிரியத்தின் வீங்கிய கணுக்கால். அதன் பக்கத்தில் சுஜாவின் பாதம்.

முதல் வரிசையில், கதவை ஒட்டி, ஜெனிஷின் வெறுங்கால்கள்.

அவள் கையை உள்ளே நீட்டினாள். விரல் நுனி அவன் கட்டைவிரலைத் தொட்டது. சூடாக இருந்தது. "ஜெனி" என்றாள்.

முதுகுக்குப் பின்னால் காலடிகள் நின்றன. குனிந்து மூச்சு விட்டது ஏதோ ஒன்று. அவள் பிடரி மயிர் விறைத்தது. அவள் திரும்பவில்லை. அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்ட கால் ஒரு கணம் தயங்கியது. பின்வாங்கியது. பிறகு விரல்களை மடக்கி, மண்ணைக் கவ்விப் பிடித்து, நரம்பு புடைக்க, கதவை இன்னும் பலமாக அழுத்தியது.